மடற்குழுவுக்குப் புது இடம்: கொங்கு நாட்டுக் குழு நடத்துநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காசு சேகரிப்பு, தபால்தலை, பறவை பார்ப்பது, நாட்டு விதைப் பரிமாற்றம் என்று ஏதோ ஒரு பிரியத்தில் கூடி, பல வருசமாக மின்னஞ்சலிலேயே பேசிவரும் குழுக்களை மனதில் வைத்து எழுதியது இது. கணக்குக்காக ஒரு காசு சேகரிப்போர் குழுவை எடுத்துக்கொள்வோம். கோவை, கரூர், ஈரோடு, தாராபுரம் பக்கத்து ஆட்கள் 300 பேர், நாளுக்கு 20 மடல், காப்பகத்தில் 20,000 பழைய மடல்கள். உங்கள் குழு இதைவிடச் சின்னதாக இருந்தாலும் வேலை இதேதான்.

குழு இருக்கிற இடத்தை மூடப் போறாங்கன்னு சேதி வந்துருச்சுங்க. முதல்ல என்ன பண்றது?

புது இடம் தேடுவது அப்புறம். முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். யாகூ குழுமங்கள் என்ற மடற்குழு சேவை மூடப்பட்ட கதை இதற்குப் பாடம். 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அக்டோபர் 28க்குப் பிறகு எதையும் புதிதாக ஏற்ற முடியவில்லை. டிசம்பர் நடுவில் பழைய மடல், படம், கோப்பு எல்லாம் அழியும் என்றார்கள். எடுத்துக்கொள்ளும் தவணை 2020 ஜனவரி 31 வரை நீண்டது. மடல் போய்வரும் வசதி மட்டும் 2020 டிசம்பர் 15 வரை ஓடியது. மடல் வந்துகொண்டிருந்ததால் எல்லாம் நலம் என்று நினைத்திருந்த குழுக்கள்தான் காப்பகத்தைப் பறிகொடுத்தன.

எடுக்க வேண்டியவை: மடல்கள் மொத்தமும் எம்பாக்ஸ் (எல்லா மடலையும் ஒரே கோப்பில் அடுக்கும் முறை) வடிவில், உறுப்பினர் பட்டியல், கோப்பு, படப் பகுதிகள், வரவேற்பு மடலும் குழு விதிகளும், அமைப்புப் பக்கங்களின் திரைப்பிடிப்பு. உறுப்பினர் பட்டியலில் முகவரி மட்டும் இருந்தால் போதாது. யாருக்குத் தனித்தனி மடல், யாருக்கு நாள் தொகுப்பு, யார் மடலே வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள், யார் மட்டுறுத்தலில் (நடத்துநர் பார்த்து விட்ட பிறகே மடல் போகும் நிலையில்) இருக்கிறார்கள், யாரை வெளியேற்றி வைத்திருக்கிறீர்கள் என்பதும் வேண்டும். இது இல்லாமல் எல்லோரையும் "தனித்தனி மடல்" என்று சேர்த்துவிட்டால், நாளுக்கு ஒரு தொகுப்பு வாங்கிவந்தவர் பெட்டியில் 20 மடல் விழும். இரண்டாம் நாளே அவர் விலகிவிடுவார்.

கூகுள் குழுவாக இருந்தால் உரிமையாளர் கணக்கில் கூகுள் டேக்அவுட் (கணக்கில் உள்ளதை இறக்கிக்கொள்ளும் பக்கம்) போய் "குரூப்ஸ்" மட்டும் தேர்ந்தெடுங்கள், எம்பாக்ஸ் கிடைக்கும். உறுப்பினர் பட்டியலை உறுப்பினர் பக்கத்திலிருந்து சிஎஸ்வி கோப்பாகத் தனியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கின கோப்பு முழுசா வந்திருக்கான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

எம்பாக்ஸ் கோப்பில் ஒவ்வொரு மடலும் "ஃப்ரம்" என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் கொண்ட வரியில் தொடங்கும். அந்த வரிகளை எண்ணி, தளம் காட்டும் மடல் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை கூடுதலாக வந்தால், யாரோ மடலின் உள்ளேயும் அதே சொல்லில் ஒரு வரியைத் தொடங்கியிருக்கிறார், அந்த மடல் இரண்டாக உடைந்திருக்கிறது என்று அர்த்தம். மெயில்மேன் 2 என்ற மடற்குழு மென்பொருளுடன் வரும் கிளீன்ஆர்ச் என்ற சிறு நிரல் இதைச் சரிசெய்யும்.

பிறகு தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளில் இம்போர்ட்எக்ஸ்போர்ட்டூல்ஸ் என்ஜி என்ற சேர்க்கையைப் போட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆகப் பழைய மடல் மூன்று, படம் வைத்த மடல் மூன்று, தமிழில் எழுதிய மடல் மூன்று. இந்த ஒன்பதும் ஒழுங்காகத் திறந்தால் பெரும்பாலும் சரி. சில தளங்கள் மடலோடு இணைத்த படம், கோப்புகளைக் கழற்றிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் தரும். சில தளங்கள் முகவரியின் பின்பாதியைப் புள்ளி வைத்து மறைத்துவிடும். இரண்டையும் இப்போதே பார்த்தால்தான் உண்டு.

குழுவை ஆரம்பிச்ச பெரியவர் தவறிட்டாருங்க. கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.

உறுப்பினர்களில் எதையும் அழிக்காமல் வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். அவர் ஜிமெயிலில் குழு மடல்களுக்கு ஒரு லேபிள் போட்டு, டேக்அவுட்டில் அந்த லேபிளை மட்டும் தேர்ந்தெடுத்தால் எம்பாக்ஸ் வந்துவிடும். இரண்டு மூன்று பேரிடம் வாங்கி, மெசேஜ்-ஐடியை (மடலின் மறைந்திருக்கும் தலைப்பகுதியில் உள்ள தனி அடையாளம்) வைத்து இரட்டிப்பைக் கழித்தால் இடையில் விட்டுப்போன மாதங்களும் சேர்ந்துவிடும். உறுப்பினர் பட்டியல்தான் முழுதாகக் கிடைக்காது. மடல் எழுதியவர்களின் முகவரி அதில் இருக்கும், படிக்க மட்டும் செய்தவர்கள் தெரிய மாட்டார்கள். குழு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், "புது இடம் வருகிறது, இந்த முகவரிக்கு ஒரு வரி போடுங்கள்" என்று மாதம் ஒரு மடல் எழுதுவதுதான் வழி.

உரிமையாளர் ஒருவரே என்றால் ஆள் நன்றாக இருக்கும்போதே ஆபத்துதான். 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து அழித்துவருகிறது. புது இடத்தில் குறைந்தது இரண்டு பேரை உரிமையாளராக வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குக் கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து மற்றவர் வீட்டு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்புக்கே போயிட்டா என்னங்க கெட்டுப் போச்சு?

சந்திப்பு எங்கே, ரயில் எத்தனை மணிக்கு என்பதற்கு வாட்ஸ்அப் போதும். 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் ஒரு சேரர் காசின் பின்பக்கச் சின்னம் பற்றி நான்கு பேர் ஆறு மாதம் விட்டுவிட்டுப் பேசிய இழையை அங்கே கோத்துப் படிக்க முடியாது. உரையாடலை ஏற்றுமதி செய்தாலும் படங்களோடு 10,000, படமில்லாமல் 40,000 செய்தி என்று வரம்பு இருக்கிறது. டெலிகிராமில் புதியவருக்கும் பழையது தெரியும், ஆள் வரம்பு 2 லட்சம். தேடலும் பரவாயில்லை. ஆனாலும் காப்பகம் அவர்கள் கையில்தான்.

அப்போ நீண்ட நாள் நிற்கிற இடம் எதுங்க?

எந்த இடமும் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. யாகூ போவதை யார் எதிர்பார்த்தார்? கூகுள் குழுக்களே 2024 பிப்ரவரி 22 அன்று யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் பக்கத்தைக் கழற்றிவிட்டது. ஆகவே "எத்தனை வருசம் இருக்கும்" என்று கேட்பதைவிட, "கிளம்ப வேண்டி வந்தால் எத்தனை மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்" என்று கேளுங்கள். சேருவதற்கு முன்பே, சோதனைக் குழு ஒன்று தொடங்கி, 5 மடல் போட்டு, எம்பாக்ஸையும் பட்டியலையும் இறக்கிப் பாருங்கள். இறக்க முடியாத இடம் இலவசமானாலும் வேண்டாம்.

கூகுள் குழு: காசு கிடையாது, எல்லோருக்கும் பழக்கம். பழைய எம்பாக்ஸை உள்ளே ஏற்ற இலவசக் கணக்கில் வழி இல்லை. வொர்க்ஸ்பேஸ் என்ற நிறுவனக் கணக்கில் மட்டும், நிரல் எழுதி ஏற்றும் வழி ஒன்று உண்டு. முகவரியும் அவர்கள் பெயரில்தான் இருக்கும். உறுப்பினர்களை மொத்தமாகச் சேர்க்க விடாது, சிறு சிறு தவணையாகத்தான்.

குரூப்ஸ்.ஐஓ: மடற்குழுவுக்கென்றே கட்டியது. இதைத் தொடங்கிய மார்க் ஃப்ளெச்சர்தான் 1990களின் கடைசியில் ஒன்லிஸ்ட் என்ற மடற்குழு சேவையைத் தொடங்கியவர். அது ஈகுரூப்ஸோடு சேர்ந்து, 2000இல் யாகூ கைக்குப் போய் யாகூ குழுமங்கள் ஆனது. இலவசத் திட்டம் 100 பேருக்கும் 1 ஜிபிக்கும்தான். 300 பேர் என்றால் கட்டணம். பழைய காப்பகத்தை ஏற்றும் வசதியும் கட்டணத் திட்டத்தில்தான். கட்டுவதற்கு முன் அன்றைய விலைப்பக்கத்தைப் பாருங்கள், சொந்த டொமைன் பெயர் (குழுவுக்கென்று பதிந்த இணைய முகவரி) எந்தத் திட்டத்தில் கிடைக்கும் என்றும் கேட்டுவிடுங்கள்.

மெயில்மேன் நடத்தும் கல்லூரியோ தன்னார்வ அமைப்போ இடம் கொடுத்தால் நல்லதுதான். முதலில் பதிப்பைக் கேளுங்கள். மெயில்மேன் 2.1 பைத்தான் 2 என்ற நிரல்மொழியில் ஓடுவது, பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது. இன்னும் அதிலேயே இருக்கும் இடம் என்றால் சீக்கிரமே இன்னொரு மாற்றம் வரும். அங்கே அதைப் பார்த்துக்கொள்பவர் ஒரே ஆளா என்பது அடுத்த கேள்வி. அவர் வேலை மாறிப் பெங்களூர் போய்விட்டால் உங்கள் குழுவை எடுத்துச் செய்ய ஆள் இருக்காது.

100 பேருக்குள் உள்ள குழுவுக்கு எங்கள் தேர்வு குரூப்ஸ்.ஐஓ இலவசத் திட்டம். 300 பேர் என்றால் ஆளுக்கு வருசம் நூறு ரூபாய் போட்டு அதே இடத்தின் கட்டணத் திட்டம். பணம் திரட்டவே முடியாது என்றால் கூகுள் குழுவும், பழைய காப்பகத்துக்குத் தனி ஏற்பாடும்.

சொந்தமா டொமைன் பெயர் அவசியமுங்களா?

அவசியம். புது இடத்தை விடவும் முக்கியம் என்றே சொல்வோம். குழு முகவரி உங்கள் பெயரில் இருந்தால் பின்னால் இருக்கும் சேவையை எத்தனை தடவை மாற்றினாலும் உறுப்பினர்கள் எழுதும் முகவரி மாறாது. சேவை சொந்தப் பெயரை அனுமதிக்காவிட்டாலும், "குழு இப்போது இங்கே இருக்கிறது" என்று சொல்லும் ஒற்றைப் பக்கத்துக்காகவாவது பெயர் வேண்டும். ".இன்" பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம். முதல் வருசத் தள்ளுபடி விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிப்பு விலையைக் கேளுங்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. பதிவுக் கணக்கின் மீட்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். பெயர் காலாவதியானால் அந்த அஞ்சலும் வராது, புதுப்பிக்கச் சொல்லும் எச்சரிக்கையும் வராது. மீட்பு முகவரி வேறு இடத்தில் இருக்கட்டும்.

மாசம் ஆயிரம் ரூபாய்க்குள்ள சர்வர் எடுத்து நாங்களே நடத்துனா?

முடியும். 2 ஜிபி நினைவகம் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) மெயில்மேன் 3, அதன் போஸ்டோரியஸ் (அமைப்புப் பக்கம்), ஹைப்பர்கிட்டி (காப்பகப் பக்கம்) மூன்றும் ஓடும். பழைய மெயில்மேன் அமைப்பை இம்போர்ட்21 கட்டளையும், எம்பாக்ஸை ஹைப்பர்கிட்டி இம்போர்ட் கட்டளையும் உள்ளே கொண்டுவரும். நிறுவுவது ஒரு சனி, ஞாயிறு வேலை. மடல் போய்ச் சேர வைப்பதுதான் காலத்துக்கும் வேலை.

பல கிளவுட் நிறுவனங்கள் மடல் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட்டைப் புதுக் கணக்குகளுக்கு அடைத்தே வைத்திருக்கும். எழுதிக் கேட்டுத் திறக்க வேண்டும். சர்வரின் ஐபி முகவரிக்கு பிடிஆர் பதிவு (ஐபி எண்ணைக் கேட்டால் சர்வர் பெயரைச் சொல்வது) வேண்டும், அதே பெயர் திரும்ப அந்த ஐபிக்கே போக வேண்டும். அந்த ஐபியை முன்னால் வைத்திருந்தவர் குப்பை மடல் அனுப்பியிருந்தால் அந்தக் கெட்ட பெயர் உங்கள் தலையில் விழும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் விதி இறுகியிருக்கிறது. எல்லோருக்கும் எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் (மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் மின் கையெழுத்து). ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000 மடல் எட்டினால் இரண்டும், கூடவே டிஎம்ஆர்க்கும் (இவை ஒத்துப்போகாத மடலை என்ன செய்வது என்று டொமைன்காரர் தரும் அறிவிப்பு). நமக்கு எங்கே ஐயாயிரம் என்று நினைக்காதீர்கள். 300 பேரில் 270 பேர் ஜிமெயில் என்றால், 20 மடலுக்கு 5,400. சாதாரண நாளிலேயே வரம்பைத் தாண்டிவிடும். குப்பை என்று புகார் வரும் விகிதமும் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். விலகும் வழி தெரியாத உறுப்பினர் "ஸ்பேம்" பொத்தானை அழுத்துவதுதான் பெரும்பாலான புகார்கள். விலகும் இணைப்பு மடலின் மறைந்திருக்கும் தலைப்பகுதியில் சரியாகப் போகிறதா என்று பாருங்கள்.

லினக்ஸ் தெரிந்தவர் இரண்டு பேர் குழுவில் இல்லையென்றால் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

யாகூ முகவரிக்காரர் எழுதினா பாதிப் பேருக்குப் போறதில்லைங்க. ஜிமெயில்காரங்க வேற தானா நிறுத்தி வைக்கப்பட்டுட்டாங்க.

இது டிஎம்ஆர்க் சிக்கல். 2014 ஏப்ரலில் யாகூ, "எங்கள் முகவரியோடு எங்கள் சர்வர் அல்லாத இடத்திலிருந்து மடல் வந்தால் திருப்பி அனுப்பு" என்று உலகத்துக்கு அறிவித்தது. அதே மாதம் ஏஓஎல் அஞ்சல் சேவையும் சேர்ந்துகொண்டது. இன்று பல அலுவலக முகவரிகளும் அப்படித்தான். மடற்குழு என்ன செய்கிறது? அனுப்பியவர் பெயரிலேயே தன் சர்வரிலிருந்து மறுபடி அனுப்புகிறது. எஸ்பிஎஃப் ஒத்துப்போகாது. தலைப்பில் குழுப் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பதாலும், அடியில் விலகும் குறிப்பை ஒட்டுவதாலும் டிகிம் கையெழுத்தும் உடைந்துவிடும். ஜிமெயில் மடலைத் திருப்பிவிடும்.

இதில் அநியாயம் என்னவென்றால், எழுதியவர் யாகூக்காரர், மடல் திரும்பியதற்கான தவறுப் புள்ளி ஏறுவது வாங்க வேண்டிய ஜிமெயில்காரர் கணக்கில். மெயில்மேன் நாளுக்கு அதிகபட்சம் ஒரு புள்ளி வைத்து, 5 சேர்ந்ததும் அவருக்கு மடலை நிறுத்திவிடும்.

மருந்து இரண்டு. மெயில்மேன் 3இல் டிஎம்ஆர்க் தணிப்பு என்ற இடத்தில் அனுப்புநர் முகவரியைக் குழு முகவரியாக மாற்றும்படி வைக்கலாம். "இன்னார், குழு வழியாக" என்று தெரியும். பதில் யாருக்குப் போகும் என்பதை அப்போதே சோதித்துவிடுங்கள். தனியாக எழுதுகிறோம் என்று நினைத்துக் காசின் விலையைப் பேசியது 300 பேருக்கும் போய்விடும். இரண்டாவது, தலைப்பையும் உடலையும் தொடாமல் விடுவது. அப்போது டிகிம் பெரும்பாலும் பிழைக்கும். பழைய உறுப்பினர்கள் அடைப்புக்குறிக் குறிச்சொல்லைக் கேட்டு அடம்பிடிப்பார்கள், மறைந்திருக்கும் தலைப்பகுதியில் உள்ள லிஸ்ட்-ஐடியை வைத்து வடிகட்டி போடக் கற்றுக்கொடுங்கள்.

2003, 2004 மடலெல்லாம் கட்டங்கட்டமா, கோணல்மாணலா தெரியுதுங்க. அழிஞ்சு போச்சா?

பெரும்பாலும் அழியவில்லை. அன்றைக்கு யூனிகோடு (இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எல்லோர் கணினியிலும் இல்லை. டிஸ்கி, 1999 தமிழிணைய மாநாட்டுக்குப் பின் வந்த டாப், டாம், இவை போக பாமினி போன்ற எழுத்துரு முறைகள் என்று ஆளுக்கொன்றில் எழுதினார்கள். மடலின் மறைந்திருக்கும் தலைப்பகுதியோ "ஐஎஸ்ஓ-8859-1" என்று பொய் சொல்லும். அதனால் மொத்தக் கோப்பையும் ஒரே கட்டளையில் மாற்ற முடியாது. மடல் மடலாகப் பார்த்து எந்த முறை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் பொதுவாக ஒரே முறையில்தான் எழுதுவார் என்பதால், எழுதியவர் வாரியாகப் பிரித்தால் வேலை வெகுவாகக் குறையும்.

டிஸ்கியை லினக்ஸின் ஐகான்வ் கருவியே யூனிகோடாக்கும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருப்பதை அது இடம் மாற்றியும் கொடுத்துவிடும். டாப், டாம் இரண்டுக்கும் தனி மாற்றிகள் வேண்டும். டிஸ்கியிலும் டாபிலும் ஆங்கிலத்துக்குத் தனி இடம் இருப்பதால் ஆங்கிலச் சொற்கள் அப்படியே தப்பிக்கும். பாமினியில் தமிழே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலமும் தமிழும் கலந்த மடலை மாற்றினால் "ரோமன் டெனாரியஸ்" என்று ஆங்கிலத்தில் எழுதியது தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றைக் கையால்தான் பிரிக்க வேண்டும். எதை மாற்றினாலும் மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் செய்யுங்கள்.

படம் எவ்வளவு பெரிசா அனுப்ப விடலாமுங்க?

ஒரு காசின் இரு பக்கமும் செல்போனில் எடுத்தால் 8 எம்பி. மின்னஞ்சலில் போகும்போது குறியாக்கத்தால் மூன்றில் ஒரு பங்கு ஏறி 11 எம்பி ஆகும். 300 பேருக்கு 3.3 ஜிபி, ஒரே மடலுக்கு. வரம்பை 1 எம்பி என்று வையுங்கள். நீளப்பக்கம் 1,600 பிக்சல், ஜேபெக் தரம் 80 என்று குறைத்தால் பெரும்பாலும் ஒரு படம் 400 கேபிக்குள் அடங்கும். எழுத்துப்பொறிப்பும் தேய்மானமும் அதில் நன்றாகவே தெரியும். வெளித்தளத்தில் ஏற்றிச் சுட்டி மட்டும் கொடுப்பதை ஊக்குவிக்காதீர்கள். சுட்டி செத்த பிறகு "மேலே உள்ள காசைப் பாருங்கள்" என்ற மடல் எதற்கும் உதவாது.

மாத்துற நாளை எப்படிங்க நடத்துறது?

ஆடியில் வீடு மாறக் கூடாது என்பார்கள், மடற்குழுவுக்கு அது பொருந்தாது. தீபாவளி, பொங்கல் வாரங்களை மட்டும் தவிருங்கள், யாரும் மடல் பார்க்க மாட்டார்கள்.

மூன்று வாரம் முன்பே பத்துப் பேரை வைத்து ஒத்திகை. பத்திலும் ஜிமெயில் மட்டும் இருந்தால் பயனில்லை. யாகூ, அவுட்லுக், ரெடிஃப், ஏதாவது ஓர் அலுவலக முகவரி எல்லாம் கலந்திருக்கட்டும். தமிழ்த் தலைப்பில் ஒன்று, படத்தோடு ஒன்று, பதிலுக்குப் பதில் ஒன்று. இரண்டு வாரம், ஒரு வாரம், ஒரு நாள் முன்பு என்று பழைய குழுவில் அறிவிப்பு மடல் போடுங்கள், புது முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சொந்த டொமைன் என்றால் இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை (பழைய முகவரித் தகவலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறையுங்கள்.

அன்றைக்கு வெள்ளி இரவு பழைய குழுவை மட்டுறுத்தலில் போட்டு நிறுத்துங்கள். கடைசியாக ஒருமுறை எம்பாக்ஸும் பட்டியலும் இறக்குங்கள். முதல் இறக்கத்துக்குப் பிறகு வந்தவை அதில் இருக்கும். காப்பகத்தை ஏற்றி முடித்த பிறகே உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசை மாறி, ஏற்றும் கருவி பழைய 20,000 மடலையும் புது மடல் என்று அனுப்பத் தொடங்கினால் அன்றோடு குழு காலி. வரவேற்பு மடல் தானாகப் போவதை அணைத்துவிட்டு நீங்களே ஒன்று எழுதி அனுப்புங்கள். திரும்பும் மடல்களை எண்ணும் வசதியை முதல் இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் புது இடத்தின் ஆரம்பக் கோளாறுக்காக நல்ல உறுப்பினர்கள் வெட்டுப்படுவார்கள். பழைய இடம் அனுமதிக்கும் வரை, குறைந்தது ஆறு மாதம், அங்கே எழுதுபவர்களுக்குப் புது முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதில் இருக்கட்டும்.

நான் போட்ட மடல் எனக்கே வரலைங்க.

ஜிமெயில் அப்படித்தான். அனுப்பியதும் திரும்பி வந்ததும் ஒரே மெசேஜ்-ஐடி என்பதால் ஒன்றைத்தான் காட்டும். காப்பகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் போய்விட்டது.

காப்பகத்தை எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கலாமுங்களா?

விதைக் குழுவுக்கும் பறவைக் குழுவுக்கும் தாராளமாக வைக்கலாம், பழைய மடல்களின் கையெழுத்துப் பகுதியில் உள்ள கைபேசி எண்களையும் வீட்டு முகவரிகளையும் மறைத்துவிட்டு. காசுக் குழுவுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கரூர் அமராவதி மணலில் கிடைத்தது, இன்னார் வீட்டில் இத்தனை வெள்ளிக்காசு இருக்கிறது என்றெல்லாம் ஆட்கள் எழுதியிருப்பார்கள். திருடனுக்கு வழிகாட்டுவது ஒருபக்கம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டைக் கடந்த காசுகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும். யாரோ விளையாட்டாக எழுதிய வரி தேடுபொறியில் நிரந்தரமாக நிற்க வேண்டியதில்லை. உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வையுங்கள்.

வெளிநாட்டு சேவைக்குப் பணம் கட்டுனா கார்டு ஏத்துக்கறதில்லைங்க.

2020க்குப் பிறகு வழங்கிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்தே வரும். வங்கிச் செயலியில் நீங்கள்தான் இயக்க வேண்டும். தானாகப் பிடிக்கும் மாதக் கட்டணம் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதியால் அடிக்கடி தடுக்கிவிழும். வருசக் கட்டணமாக, ஒவ்வொரு தடவையும் கையால் கட்டுங்கள். நாணய மாற்றுக்கு வங்கி எடுக்கும் சதவீதத்தையும் அதன் மேல் ஜிஎஸ்டியையும் வசூல் தொகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டும் தேதிக்கு ஒரு மாதம் முன்பு இரண்டு உரிமையாளர்களின் நாள்காட்டியிலும் நினைவூட்டல் இருக்க வேண்டும். அதே நாளில் எம்பாக்ஸையும் பட்டியலையும் ஒருமுறை இறக்கி, ஒரு பிரதி கோவையில், ஒரு பிரதி ஈரோட்டில் என்று இரு வேறு ஆட்களின் வன்தட்டில் வைத்துவிடுங்கள்.